குளிர்காலத்தில் காஸ் பார்பிக்யூ அடுப்பை உறையால் மூடுவது நல்லதா? எந்த உறை தாங்கும்?

மார்க்கம்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்வளவில் மூன்று பேர்னர்களும் பக்கவாட்டில் ஒரு சிறிய அடுப்பும் கொண்ட காஸ் பார்பிக்யூ ஒன்று நிற்கிறது. கோடை முழுவதும் கோழியும் ஆட்டிறைச்சியும் அதில்தான் வேகின்றன. பனிக்காலத்தில் பாவனை குறைந்துவிடும். மழையும் பனியும் படக்கூடாது என்று, அடுப்பு வாங்கிய கடையிலேயே கறுப்பு நிற வினைல் உறை ஒன்றையும் வாங்கிப் போட்டோம். சனவரிக் குளிரில் அது மடிப்புகளின் வழியே வெடித்துக் கிழிந்துவிட்டது.

உறை கிழிந்ததைவிட, அதை அகற்றியபோது உள்ளே கண்ட நிலைதான் எனக்குக் கூடுதல் கவலையைத் தந்தது. மூடியின் கைபிடியைப் பிடித்திருக்கும் திருகாணிகளைச் சுற்றிச் செந்நிறக் கறை படர்ந்திருந்தது. கீழ்ப்பெட்டிக் கதவின் உட்புறத்தில் முத்துமுத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. உறை கிழிந்த இடத்துக்கும் அந்தக் கதவுக்கும் தொடர்பே இல்லை. மழைநீர் அங்கே போயிருக்க வழியில்லை.

உறை போடுவதால்தான் துரு பிடிக்கிறது, திறந்தபடியே விட்டுவிடுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். கராஜுக்குள் தள்ளிவிட்டால் உறையே வேண்டியதில்லை என்பது என் மைத்துனரின் கருத்து. ரொறொன்ரோப் பகுதிக் குளிரைத் தாங்கும் உறை எந்தத் துணியால் ஆனதாக இருக்க வேண்டும், அதை எப்படிப் போட வேண்டும், உண்மையில் அது தேவைதானா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


தையல்பட்டறை (பதில்):

வணக்கம். படகுகளுக்கும் கடை முகப்புகளுக்கும் கூடாரத் துணி தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். அடுப்பு உறைகளும் அவ்வப்போது எங்களிடம் திருத்தத்துக்கு வரும். துணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காஸ் பற்றி அந்தத் தொழில் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

உங்கள் உறை வெடித்ததற்குக் காரணம் குளிர்தான். வினைல் எனப்படுவது பிவிசி என்ற பிளாஸ்ரிக். அது இயல்பாகவே விறைப்பான பொருள். அதனுடன் இளக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்த்துத்தான் துணி போல மடியும்படி செய்கிறார்கள். வெயிலிலும் அடுப்பின் சூட்டிலும் அந்தப் பொருள் சிறிது சிறிதாக வெளியேறிவிடும். எஞ்சியிருக்கும் வினைல் குளிரில் மேலும் விறைத்து, கையால் மடித்த இடத்திலேயே பிளக்கும். கோடையில் தொட்டுப் பார்த்து மென்மையாக இருக்கிறதே என்று வாங்கும் உறை, மறுபனிக்காலத்தில் பிளப்பது இதனால்தான். தடித்த வினைல் என்றால் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஆயினும் கனடாவின் குளிருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நெய்த பொலியெஸ்ரர் துணியின் உட்புறத்தில் நீர்புகாப் பூச்சு இட்ட உறைகளே இங்கு பொருத்தமானவை. பெட்டியில் 300டி, 600டி என்று அச்சிட்டிருப்பார்கள். டி என்பது டெனியர். 9,000 மீற்றர் நீளமுள்ள இழையின் எடை எத்தனை கிராம் என்பதைக் குறிக்கிறது. ஆகவே 600டி என்றால் இழை தடித்தது, உராய்வையும் இழுவையையும் தாங்கும் என்றுதான் பொருள். நீர் புகாது என்று பொருளல்ல. நீரைத் தடுப்பது உட்பூச்சு. கடையில் உறையின் ஒரு மூலையைப் புரட்டி, உட்புறத்தை விரல்களுக்கிடையே வைத்துக் கசக்கிப் பாருங்கள். வெண்மையான துகள் உதிர்ந்தாலோ, பூச்சு மெல்லிய தோல் போல எழும்பினாலோ அதை அங்கேயே வைத்துவிடுங்கள். பிறகு தையல் ஓடும் இடத்தை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகள் வரிசையாக ஒளிர்ந்தால் மழைநீர் அந்த வரிசை வழியேதான் இறங்கும். நல்ல உறைகளில் தையலின் உட்புறம் நாடா ஒட்டி மூடப்பட்டிருக்கும், அல்லது துணியை இரட்டையாக மடித்துத் தைத்திருப்பார்கள்.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். இழையை உருவாக்கும்போதே சாயத்தைக் கலந்து செய்த துணி வெயிலில் எளிதில் வெளுக்காது; நெய்த பிறகு சாயம் ஏற்றியது விரைவில் வெளுக்கும். வெளுப்பதை அழகுக் குறைவாக மட்டும் கருதாதீர்கள். அத்தனை வெயில் விழும் துணியில் இழையும் சேர்ந்து நலிந்துகொண்டிருக்கும்.

நீங்கள் எழுதியதில் முக்கியமானது அந்தக் கதவின் உட்புறத் தண்ணீர். அது வெளியிலிருந்து வந்ததல்ல. தரையிலிருந்தும் ஈரமான பலகைத் தளத்திலிருந்தும் எழும் ஈரப்பதம் உறைக்குள் தங்கி, இரவில் உலோகம் குளிர்ந்ததும் அதன்மேல் நீராகப் படிகிறது. காற்றுப் புக வழியில்லாத உறை, மழையைத் தடுக்கும் அதே திறமையோடு இந்த ஈரத்தையும் வெளியே விடாது. இதனால்தான் உங்கள் அயலவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் உறையைக் கைவிடுவது அதற்குத் தீர்வல்ல. இரு பக்கங்களின் மேற்பகுதியிலும் காற்றுத் துளை உள்ள உறையைத் தேர்ந்தெடுங்கள். அத்துளைகளின் மேல் சிறு கூரை போல ஒரு மடிப்பும், உள்ளே வலையும் இருக்க வேண்டும். உறையின் கீழ்விளிம்பு தரையைத் தொடாமல் நான்கு விரல் அகலமாவது மேலே நிற்க வேண்டும். சக்கரங்கள் வெளியே தெரிவதால் கேடு ஒன்றும் இல்லை. தரையைத் தொடும் உறை தேங்கிய நீரை உறிஞ்சிக்கொள்ளும், பனியோடு சேர்ந்து உறைந்தால் இழுக்கும்போது கிழியும், காற்றையும் மறிக்கும்.

அளவெடுக்கும்போது மூடியைச் சாத்தி, பக்கத் தட்டுகளைப் பனிக்காலத்தில் எப்படி வைப்பீர்களோ அப்படியே வைத்து, ஒரு தட்டின் நுனியிலிருந்து மறு தட்டின் நுனி வரை அகலமும், முன்கைபிடியிலிருந்து பின்புறம் வரை ஆழமும், தரையிலிருந்து மூடியின் உச்சி வரை உயரமும் எடுங்கள். அகலத்திலும் ஆழத்திலும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கூடுதலாக இருந்தால் போதும். மிகப் பெரிய உறையில் தட்டுகளின்மேல் துணி தொய்ந்து நீர் தேங்கும்; காற்றும் அதைத் தூக்கும். இறுக்கமான உறை தட்டுகளின் மூலைகளில்தான் முதலில் கிழியும். உறையைப் பிணைப்பதற்குச் சொரசொரப்பு ஒட்டுநாடாவைவிடக் கொக்கியுள்ள வார்களே மேல். ஒட்டுநாடாவுக்குள் பனி புகுந்து உறைந்தால் பிறகு அது ஒட்டவே ஒட்டாது.


காஸ்பொருத்துநர் (பதில்):

தையல்பட்டறை ஐயாவின் விளக்கம் மிகத் தெளிவாக உள்ளது. ஒன்ராறியோவில் காஸ் உபகரணங்களைப் பொருத்தியும் பழுதுபார்த்தும் வருபவன் என்ற முறையில், உறையால் எழும் வேறு சில சிக்கல்களைச் சொல்ல விரும்புகிறேன். துரு அடுப்பின் ஆயுளைத்தான் குறைக்கும். நான் சொல்லப்போவது வீட்டிலுள்ளவர்களின் பாதுகாப்பைப் பற்றியது.

முதலில் மைத்துனரின் யோசனை. அடுப்பை மட்டும் கராஜுக்குள் வைக்கலாம். புரொப்பேன் சிலிண்டரை ஒருபோதும் உள்ளே வைக்கக்கூடாது. சிலிண்டரின் வால்வை மூடி, அடுப்பிலிருந்து கழற்றி, வெளியே காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். புரொப்பேன் ஆவி காற்றைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலெழுந்து கலையாமல் தரையோடு படர்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். கராஜில் அதைப் பற்றவைக்க வாகனத்தின் ஒரு பொறி போதும். சிலிண்டர் குளிரில் கெட்டுவிடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். புரொப்பேனின் கொதிநிலை மறை 42 பாகை செல்சியஸ் என்பதால் நம் பகுதிக் குளிர் அதை ஒன்றும் செய்யாது. கடுங்குளிரில் அழுத்தம் குறைந்து சுடர் சற்றுத் தாழ்ந்து எரியும், அவ்வளவுதான். சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். கனடாவில் 10 ஆண்டுகள் கடந்த சிலிண்டரை மறுபரிசோதனை செய்யாமல் நிரப்ப முடியாது.

தரையைத் தொடும் உறை வேண்டாம் என்று அவர் ஈரத்தை முன்னிட்டுச் சொன்னார். காஸை முன்னிட்டும் நான் அதையே சொல்வேன். சிறு கசிவு இருந்தால்கூட, கீழே திறந்திருக்கும் உறையிலிருந்து அது வழிந்து காற்றில் கலந்துவிடும். நாற்புறமும் தரை வரை மூடிய உறைக்குள் அது தேங்கிக் கிடக்கும். ஆதலால் உறையை எடுத்தவுடன் பற்றவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உறையை அகற்றி, மூடியையும் கீழ்ப்பெட்டிக் கதவையும் திறந்து சில நிமிடங்கள் காற்றாட விட்டு, மணத்தைக் கவனித்து, அதன் பிறகே வால்வைத் திறக்க வேண்டும். புரொப்பேனுக்கு இயல்பில் மணம் இல்லை; கசிவை அறிவதற்காகவே அழுகிய முட்டை போன்ற நாற்றமுள்ள மெர்கப்டன் என்ற பொருளை அதில் கலக்கிறார்கள்.

அடுத்தது சிலந்தி. இதைச் சிறிய விடயமாகப் பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. வால்விலிருந்து பேர்னருக்குக் காஸ் போகும் குழாயின் வாயில், காற்றும் காஸும் கலக்கும் இடம் ஒன்று உண்டு. இருட்டாகவும் காற்று படாமலும் உள்ள உறைக்கடியில், அந்தக் குழாய்களுக்குள் சிலந்திகள் கூடு கட்டும். அதனால் வழி அடைபட்டால், காஸ் பேர்னருக்குப் போகாமல் பின்னோக்கித் திரும்பி, சுடரைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளுக்குப் பின்னால் தீப்பற்றும். மஞ்சள் பைச் சிலந்தி என்ற வகை எரிபொருள் மணத்தால் ஈர்க்கப்படுவதாகக் கருதப்படுகிறது. 2011-இல் மஸ்டா நிறுவனம் மஸ்டா 6 ரகக் கார்களை வட அமெரிக்காவில் திரும்ப அழைத்ததற்குக் காரணமே, இந்தச் சிலந்தி எரிபொருள் தொகுதியின் காற்றுக் குழாயில் வலை பின்னியதுதான். கார்களுக்கே இந்த நிலை என்றால், மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் அடுப்பைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. இளவேனிலில் உறையை எடுத்ததும் பேர்னர்களைக் கழற்றி, குழாய் தூரிகையை உள்ளே விட்டு இழுங்கள். பற்றவைத்த பின் சுடர் நீலமாக நின்றால் நன்று. சோம்பலாக அலையும் மஞ்சள் சுடரோ, ஒரு பக்கம் மட்டும் எரியும் பேர்னரோ தெரிந்தால் உடனே அணைத்துவிட்டுக் குழாயைப் பாருங்கள்.

மூன்றாவது எலி. உறைக்குள் குளிர்காற்று இல்லை, கொழுப்புத் தட்டில் உணவும் இருக்கிறது. எலி வராமல் என்ன செய்யும்? கொழுப்பின் மணம் ஏறிய இறப்பர்க் குழாயையும் அது கொறிக்கும். அப்படிக் கொறித்த குழாய்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் பின்புறம், கண்ணுக்குத் தெரியாத வளைவில்தான் இருந்தன. பல்லின் தடம் இரண்டு கோடுகளாக இறப்பரில் பதிந்திருக்கும், அதற்கடியில் உள்ள நூல் பின்னல் வெளியே தெரியும். பாத்திரம் கழுவும் சோப்பையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, வால்வைத் திறந்தபடி, சுடர் எதுவும் ஏற்றாமல், குழாய் முழுவதிலும் இணைப்புகளிலும் தூரிகையால் தடவுங்கள். குமிழி எழுந்தால் வால்வை மூடிவிட்டுக் குழாயை மாற்றுங்கள். ஒட்டுநாடா சுற்றிச் சமாளிப்பது மிகவும் ஆபத்தானது.


ஹூஸ்டன்கிரில் (பதில்):

வணக்கம். எங்கள் ஊரில் பனி இல்லை. ஆனால் மெக்ஸிகோ வளைகுடாவின் புழுக்கமும் கோடை வெயிலும் உறைகளைப் படாதபாடு படுத்துகின்றன. உறைக்குள் நீர் படியும் சிக்கல் இங்கே ஆண்டு முழுவதும் உண்டு. அதனால் நண்பர் பனிக்காலத்துக்காகக் கேட்டிருந்தாலும் சில விஷயங்கள் பொதுவானவை.

துரு பிடிப்பது உறையைப் பொறுத்தது மட்டுமல்ல, உலோகத்தையும் பொறுத்தது. கிரில் விளம்பரங்களில் துருப்பிடிக்காத எஃகு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். 304 என்ற வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 430 என்ற மலிவு வகையில் நிக்கல் அநேகமாக இல்லை. அது ஈரத்திலும் உப்பிலும் எளிதில் கறைபடும். ஒரு காந்தத்தைத் தட்டையான பகுதியில் வைத்துப் பாருங்கள். 430 காந்தத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், 304 பிடிக்காது. வளைத்த ஓரங்களில் மட்டும் 304 சற்று ஈர்க்கும் என்பதால் நடுப்பகுதியில்தான் சோதிக்க வேண்டும். திருகாணிகள் பெரும்பாலும் வெறும் முலாம் பூசிய இரும்பாகவே இருக்கும். நண்பருக்கு முதலில் திருகாணியைச் சுற்றித் துரு தெரிந்ததற்கு இது காரணமாக இருக்கலாம். அவற்றை மட்டும் கழற்றி நல்ல எஃகுத் திருகாணிகளாக மாற்றிவிடலாம், செலவு மிகக் குறைவு.

நம்முடைய சமையல் முறையையும் இதில் கணக்கில் எடுக்க வேண்டும். உப்பு, எலுமிச்சை, தயிர் சேர்த்து ஊறவைத்த கோழியிலிருந்து சொட்டும் சாறு பேர்னர்மீதும் தகட்டின்மீதும் விழுந்து உலர்கிறது. அந்த உப்புக்கு மேல் இரவு ஈரம் படிந்தால் எந்த உறையும் அதைக் காப்பாற்றாது. சமைத்து முடித்ததும் மூடியைச் சாத்தி, முழுச் சூட்டில் கால் மணி நேரம் எரியவிட்டு, கம்பிகளைத் தேய்த்துவிட்டு அணையுங்கள். வார்ப்பிரும்புக் கம்பி என்றால் சூடு இருக்கும்போதே மெல்லிய எண்ணெய் தடவி அதைப் பிடிக்கவிட வேண்டும். ஆறிய கம்பியில் பூசிய எண்ணெய் பிசுபிசுத்துப் பூச்சிகளை அழைக்கும்.

எரியும் கேஸே நீரை உண்டாக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேலான நீர் ஆவியாக வெளிவரும். சமையல் முடிந்து கிரில் முற்றிலும் ஆறுவதற்குள் மூடினால், உள்ளே எஞ்சிய அந்த ஆவியும் சேர்ந்து உறைக்குள் அடைபடும். சூடான மூடியில் பட்ட வினைல் இளகி ஒட்டிக்கொள்ளும் என்பது தனி ஆபத்து. மூடியின்மேல் உள்ளங்கையைத் தயக்கமில்லாமல் வைத்திருக்க முடிந்த பிறகே உறையைப் போடுங்கள்.


ஹலிஃபக்ஸ்கரை (பதில்):

கடற்கரையை ஒட்டி வாழ்பவர்களுக்காக ஒரு சொல். இங்கே மூடுபனியோடு உப்பும் வந்து படிகிறது. உப்புப் படிந்த அடுப்பை அப்படியே மூடினால் உறை உப்பையும் ஈரத்தையும் ஒன்றாகப் பிடித்துவைக்கும். மூடுவதற்கு முன் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்துவதும், வெயில் வரும் நாளில் உறையைக் கழற்றி இரு புறமும் காயவிடுவதும் எங்கள் வழக்கம். ரொறொன்ரோவில் கடல் இல்லை என்றாலும், வீதியில் தூவும் உப்பு வாகனங்கள் ஓடும் பாதையை ஒட்டிய அடுப்புகளில் படியும். அடுப்பு வாகனத் தரிப்பிடத்துக்கு அருகே நின்றால் இதைக் கவனியுங்கள்.


மார்க்கம்வாசி:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. காற்றுத் துளையுள்ள 600டி பொலியெஸ்ரர் உறையை வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். சிலிண்டர் வெளியேதான் நிற்கும் என்று மைத்துனரிடமும் சொல்லியாயிற்று. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. பனிக்காலத்திலும் வார இறுதிகளில் அடுப்பைப் பயன்படுத்த விரும்புகிறோம். அப்படியானால் ஒவ்வொரு முறையும் உறையைப் போட்டு எடுக்க வேண்டுமா? அடுத்த ஆண்டு வீட்டின் இயற்கை எரிவாயு இணைப்புக்கு மாறினால், உறையைப் பொறுத்தவரை ஏதும் மாறுமா?


தையல்பட்டறை:

வாரந்தோறும் பயன்படுத்துவதானாலும் போட்டு எடுப்பதே நல்லது. உறை இல்லாத அடுப்பில் பகலில் உருகும் பனி மூடியின் இடுக்குகளிலும் திருகுகளின் அச்சிலும் இறங்கி, இரவில் உறைந்து இறுகிவிடும். உறையின்மேல் பனி குவிந்தால், மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தள்ளிவிடுங்கள். உறையை உதறிப் பனியை வீழ்த்த முயன்றால் தையல் இழுபடும். பனிக்கட்டி பிடித்த கொக்கியைக் கூரிய கருவியால் நெம்பாதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் சுற்றிவைத்தால் விட்டுவிடும். கழற்றிய உறையை ஈரத்தோடு மடித்து வைக்காமல், சமையல் முடியும் வரை வேலியிலோ கைப்பிடிச் சுவரிலோ விரித்துவிடுங்கள். உட்புறத்தில் பஞ்சு போன்ற மென்துணி ஒட்டிய உறை கீறலைத் தடுக்கும் என்று விற்பார்கள். அது நீரை உறிஞ்சி உலோகத்தோடு ஒட்டிவைத்திருக்கும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை.


காஸ்பொருத்துநர்:

இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலெழும். எனவே உறையின் கீழ்விளிம்பு திறந்திருப்பது மட்டும் போதாது, மேற்பகுதியில் உள்ள காற்றுத் துளைகள் பனியாலோ இலைகளாலோ அடைபடாமல் இருப்பதும் முக்கியமாகிவிடும். பனிக்காலத்தில் நீண்ட நாள் பயன்படுத்தாதபோது சுவரருகே உள்ள வால்வை மூடி, விரைவு இணைப்பிலிருந்து குழாயைக் கழற்றி, சுவர்ப்பக்க முனைக்கு உரிய தூசுமூடியைப் போட்டுவிடுங்கள். குழாயின் முனையையும் மூடிவையுங்கள். சிலந்திக்கு அதுவும் ஒரு வீடுதான்.

மாற்றத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புரொப்பேனுக்கெனச் செய்த அடுப்பை அப்படியே இயற்கை எரிவாயுவில் இணைக்கக்கூடாது. இரண்டின் அழுத்தமும் வெவ்வேறு, பேர்னரின் துளை அளவும் வெவ்வேறு. உங்கள் அடுப்பை மாற்றுவதற்கு அதைத் தயாரித்த நிறுவனம் அனுமதிக்கிறதா என்பதைக் கையேட்டில் முதலில் பாருங்கள். பல அடுப்புகளுக்கு அந்த அனுமதி இல்லை. இணைப்பு வேலையை ஒன்ராறியோவில் டிஎஸ்எஸ்ஏ எனப்படும் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பின் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரரே செய்ய வேண்டும். அவர் வரும்போது சுவர் இணைப்பு எந்த உயரத்தில் வரும் என்பதைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதன் பிறகு உறைக்கு அளவெடுங்கள். குழாய் வெளியேறும் இடத்தில் உறையின் விளிம்பு அதை அழுத்தி மடிக்காமல் இருக்க வேண்டும்.